ரெஜிஸ்ட்ரி பேக்கப்: எக்ஸ்போர்ட் எடுப்பதும், அதைத் திரும்ப ஏற்றுவதும்

சர்வரில் வேலை செய்கிறவர்களுக்குப் புட்டி மென்பொருள் (தொலைவில் இருக்கும் சர்வருக்குள் லாகின் செய்ய உதவுவது) தெரிந்திருக்கும். புது லேப்டாப்புக்கு மாறும்போது, அதில் சேமித்து வைத்த சர்வர் பட்டியலை எப்படிக் கொண்டுபோவது? புட்டிக்குள் எக்ஸ்போர்ட் என்று ஒரு மெனுவே கிடையாது. எல்லாம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரிக்குள் (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கிறது. இங்கே புட்டியை வைத்துச் சொல்கிறேன், மற்ற மென்பொருள்களுக்கும் வழி இதேதான்.

ஸ்டார்ட் மெனுவில் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்று தேடித் திறங்கள். இடப்பக்கம் ஐந்து பெரிய கிளைகள் தெரியும். ஹெச்கீ கரன்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் சைமன்டாத்தம் (புட்டியை எழுதியவரின் பெயர்), அதற்குள் புட்டி. அதன் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள்.

சேவ் செய்யும் பெட்டியின் அடியில் எக்ஸ்போர்ட் ரேஞ்ச் என்று இருக்கும். அதில் செலக்டட் பிராஞ்ச் தேர்வாகியிருக்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆல் கொடுக்காதீர்கள். நூற்றுக்கணக்கான எம்பியில் ஒரு ஃபைல் வரும். அதைத் திரும்ப ஏற்றப் போனால், விண்டோஸ் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கீகளில் (அதாவது கிளைகளில்) எழுத முடியவில்லை என்று பாதியில் கைவிரித்துவிடும்.

ஃபைல் சரியாக வந்ததா என்று திறந்து பாருங்கள். ஆனால் டபுள் கிளிக் வேண்டாம், அது ஏற்றுவதற்கான வழி. ரைட் கிளிக் செய்து எடிட் கொடுத்தால் நோட்பேடில் திறக்கும் (விண்டோஸ் 11-இல் எடிட் கண்ணில் படாவிட்டால் ஷோ மோர் ஆப்ஷன்ஸுக்குள் பாருங்கள்). கீழே சதுர அடைப்புக்குறிகளுக்குள் உங்கள் சர்வர் பெயர்கள் வரிசையாக இருக்க வேண்டும். பெயரில் இடைவெளி விட்டிருந்தால் அந்த இடத்தில் சதவீதக் குறியும் 20-உம் நிற்கும். அது சரிதான்.

புது லேப்டாப்பில் இந்த ஃபைலைக் காப்பி செய்து டபுள் கிளிக் செய்தால் பட்டியல் வந்துவிடும். எனக்கு அதிக நேரம் பிடித்தது, அதே கணினியில் பழைய செட்டிங்கைத் திரும்பக் கொண்டுவருவது. இந்த ஃபைலை ஏற்றினால் ரெஜிஸ்ட்ரி பழைய நிலைக்கு அப்படியே திரும்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி நடக்காது. ஃபைலில் உள்ளது சேரும், ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதும், அவ்வளவுதான். பேக்கப் எடுத்த பிறகு புதிதாக முளைத்த எதையும் அது அழிக்காது. ஒரு மென்பொருளின் செட்டிங் குழம்பியதற்குக் காரணமே புதிதாகச் சேர்ந்த ஒரு வேல்யூ (கிளைக்குள் இருக்கும் ஒரு தனிப் பதிவு) என்றால், நீங்கள் எத்தனை முறை ஏற்றினாலும் குழப்பம் அப்படியே இருக்கும். அதனால் முதலில் அந்த மென்பொருளை மூடுங்கள். எடிட்டரில் அந்தக் கிளையை மட்டும் டெலீட் செய்யுங்கள். அப்புறம் ஃபைலை டபுள் கிளிக் செய்து ஏற்றுங்கள். இதை ஒரு மென்பொருளின் சின்னக் கிளையில் மட்டும் செய்யுங்கள், ஹெச்கீ லோக்கல் மெஷின் பக்கம் போகவே வேண்டாம்.

மொத்த சிஸ்டத்துக்கும் காப்பு வேண்டுமென்றால் ரீஸ்டோர் பாயின்ட்தான் (பிறகு திரும்பிப் போக வசதியாக, விண்டோஸ் தன் அப்போதைய நிலையைப் பதிந்து வைப்பது). ஸ்டார்ட் மெனுவில் கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட் என்று தேடுங்கள். பல கணினிகளில் இது அணைந்தே கிடக்கும். சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் போய், புரொடெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். இடம் 5 சதவீதம் கொடுத்தால் போதும். பிறகு கிரியேட். இது உங்கள் போட்டோ, டாக்குமென்ட்டுகளைக் காப்பாற்றாது. அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

பழைய குறிப்புகள் பலவற்றில் ரெக்பேக் ஃபோல்டரிலிருந்து (விண்டோஸ் முன்பு ரெஜிஸ்ட்ரியின் பேக்கப்பை வைத்த இடம்) காப்பி எடுக்கச் சொல்லியிருப்பார்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து விண்டோஸ் தானாக அங்கே பேக்கப் வைப்பதில்லை. போய்ப் பார்த்தால் ஃபைல்கள் பூஜ்யம் கேபியில் நிற்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் மென்பொருள்களும் எனக்கு ஆகாது. மைக்ரோசாஃப்டே அவற்றை ஆதரிப்பதில்லை.

சேர்க்கை 1: அலுவலகக் கணினியில் புட்டி கிளையே தெரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து வேறொருவரின் பாஸ்வேர்டில் எடிட்டரைத் திறந்தால், கரன்ட் யூசர் என்று வருவது அந்த ஆளின் கணக்கு. உங்கள் கணக்கிலேயே சாதாரணமாகத் திறங்கள், கிளை தெரியும்.

சேர்க்கை 2: பட்டியல் வந்துவிட்டது, ஆனால் லாகின் ஆகவில்லை என்கிறவர்களுக்கு: பிரைவேட் கீ ஃபைல் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகினுக்குப் பயன்படுவது) ரெஜிஸ்ட்ரிக்குள் இல்லை, அது இருக்கும் பாதை மட்டும்தான் இருக்கிறது. ஃபைலைத் தனியாகக் காப்பி செய்து, பழைய கணினியில் இருந்த அதே ஃபோல்டர் பெயரில் வையுங்கள். முடியாவிட்டால் புட்டியில் ஒவ்வொரு செஷனையும் (சேமித்து வைத்த சர்வரையும்) லோட் செய்து, புதுப் பாதையைக் கொடுத்து, மறக்காமல் சேவ் அழுத்துங்கள்.