பாகத்தை எப்போது மாற்றுவது? கணக்கு சறுக்கும் இடங்கள்

ஓர் ஆலையில் ஒரே நாளில் மாட்டிய பத்து பம்புகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1,200 மணி நேரத்துக்குள் நான்கு நின்றுவிட்டன: 500, 700, 900, 1,100 மணியில். சராசரி ஆயுள் எவ்வளவு? கருவிகள் எவ்வளவு காலம் பழுதில்லாமல் ஓடும் என்று கணிக்கும் நம்பகத்தன்மைத் துறையில் ஆய்வுக்கு வரும் புது மாணவர் பெரும்பாலும் சட்டென்று 800 என்பார். சரி, மீதி ஆறு பம்புகள் எங்கே போயின? பழுதாகாமல் 1,200 மணியைத் தாண்டியதும் ஒரு தகவல்தானே. அவற்றையும் சேர்த்தால் மொத்த ஓட்டம் 10,400 மணி, பழுது நான்கு. பழுதாகும் வேகம் மாறாதது என்று எடுத்துக்கொண்டால் சராசரி 2,600 மணி. மும்மடங்குக்கு மேல் வித்தியாசம்!

இது வகுப்பறைத் தவறு மட்டுமல்ல. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் பழுதுக்கும் குளிருக்கும் தொடர்பு உண்டா என்று முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால் பழுது தென்பட்ட பயணங்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பழுதே இல்லாத பயணங்கள் எல்லாம் 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் நடந்தவை. அவற்றையும் அதே படத்தில் புள்ளி வைத்திருந்தால் குளிரின் கை தெரிந்திருக்கும். ஏவிய அன்று காலை வெப்பநிலை ஏறக்குறைய பூஜ்யம்.

சராசரி 2,600 என்றதும் அதுவரை கவலையில்லை என்று இருந்துவிடுவது அடுத்த சறுக்கல். அதே மாறாத வேகக் கணக்கில், நூறு பம்புகளில் சுமார் 37 மட்டுமே அந்தச் சராசரியை எட்டும்.

என்னைக் கேட்டால், அதிகப் பணத்தைக் கரைப்பது வேறொரு நம்பிக்கை: பழசானால் கெடும், ஆகவே நாள் குறித்து மாற்று. யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் 1978-இல் தந்த அறிக்கைப்படி, விமானப் பாகங்களில் 11 சதவீதத்துக்குத்தான் வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயன் இருக்கக்கூடும். பாகங்களின் ஆயுளைக் கணிக்கப் பயன்படும் வெய்புல் பரவல் என்ற கணிதச் சூத்திரத்தில், வயதோடு பழுதாகும் வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வடிவ எண் 1-ஐத் தாண்டினால்தான் தேய்மானம் என்று பொருள். 1 என்றால் புதுசும் பழசும் ஒன்றே. அதற்கும் கீழே என்றால் புதுப் பாகம்தான் ஆபத்து. நன்றாக ஓடுவதைக் கழற்றிப் போட்டு வம்பை விலைக்கு வாங்குகிறோம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கடலோர விமானப் படையில் வாடிங்டன் குழு கண்டதும் இதுதான். 50 மணிக்கு ஒருமுறை நடந்த சோதனை முடிந்த உடனே பழுதுகள் கூடின, பிறகு மெல்லக் குறைந்தன. வாடிங்டன் உயிரியலாளர் என்பது கூடுதல் சுவாரசியம்.

லாக் புக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஆபத்து. 'பேரிங் மாற்றப்பட்டது' என்று இருக்கும். உடைந்து மாற்றினார்களா, மோட்டாரைத் திறந்த கையோடு மாற்றினார்களா? இரண்டையும் பழுது என்று எண்ணினால் வடிவ எண்ணே பொய்யாகிவிடும். புது கணித மாடல் ஒன்றை எழுதிக் கட்டுரையாக்குவது இதைவிடச் சுலபம்; அதனால்தான் பலர் கற்பனைத் தரவில் மாடலை ஓட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஃபிட்டரோடு ஒரு ஷிப்ட் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் புரட்டினால் பாதி குழப்பம் தீரும்.

அப்புறம், கணினி 1,847 மணியில் மாற்று என்று சொன்னால் அந்தக் கடைசி 7-ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம். எந்த மணியில் மாற்றினால் எவ்வளவு செலவு என்று காட்டும் கோடு, செலவு மிகக் குறைவான அந்த உகந்த புள்ளியை ஒட்டி பெரும்பாலும் தட்டையாகத்தான் இருக்கும். 1,700 மணியில் ஆலை எப்படியும் ஒருநாள் நிற்கப் போகிறது என்றால் அன்றைக்கே மாற்றிவிடலாம்.