இத எப்படிப் போட்டு எப்படிக் கழட்டுவாங்க: த்ரீடி கேரக்டருக்கு துணி செய்யறவங்களுக்கு

போன மாசம் டாஸ் ஸ்டுடியோங்கற த்ரீடி சாஃப்ட்வேர்ல இருக்கற ஃபிகருக்கு (கேரக்டர் பொம்மைக்கு) ஒரு கவுன் காசு குடுத்து வாங்கினேன், கழுத்து வரைக்கும் மூடின டிசைன், முழுக்கை, மணிக்கட்டு வரைக்கும் டைட்டு, இடுப்புலயும் டைட்டு, பட்டுத்துணி மாதிரி மினுமினுன்னு டெக்ஸ்சர். நிக்க வச்சு ரெண்டர் (கம்ப்யூட்டர் வரைஞ்சு குடுக்கற படம்) எடுத்தா அவ்ளோ அழகா இருந்துச்சு. அம்மா டீ குடுக்க வந்தவங்க ஸ்கிரீனப் பாத்துட்டு "ஏன்டா, இந்தப் பொண்ணு இத எது வழியா மாட்டுவா?"ன்னு கேட்டாங்க. முப்பது வருஷமா வீட்ல பிளவுஸ் தைக்கறவங்க, அவங்க கண்ணுக்கு முதல்ல அதுதான் பட்டிருக்கு. ஃபிகர சுத்திச் சுத்திப் பாத்தேன், முதுகுல ஜிப் இல்ல, சைடுல ஹூக் இல்ல, ஒரு பட்டன் கூட இல்ல. கழுத்து ஓட்டைய அளந்தா சுற்றளவு 32 சென்டிமீட்டர், ஃபிகரோட தலை 55. பனியன் துணின்னா இழுத்து மாட்டிக்கலாம், பட்டு எங்க இழுபடும்?

அன்னைலேர்ந்து எந்த டிரஸ் செஞ்சாலும் மெஷ்ல (மாடலோட வலை மாதிரி மேற்பரப்புல) கை வைக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வச்சுக்கறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கன்னுதான் இத எழுதறேன். எங்க திறக்குதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா மத்த பாதி டிசைன் தானா வந்துடும், ஏன்னா திறப்பு இருக்கற இடத்துலதான் தையல் வரும், தையல் இருக்கற இடத்துலதான் சுருக்கம் விழும்.

முன்பக்கம் பட்டன்னு வச்சுக்குவோம். நிறைய பேரு, ஒரு பாதிய மறுபக்கம் கண்ணாடி மாதிரி காப்பி பண்ற மிரர் மாடிஃபையர் போட்டு பாதிச் சட்டை செஞ்சு நடுவுல ஒட்டிட்டு, மேல ஒரு கோடு வரைஞ்சு பட்டன வரிசையா வச்சுடறாங்க. நிஜச் சட்டைல ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் முட்டாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், பட்டி அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். ஆம்பள சட்டைன்னா போட்டிருக்கறவரோட இடது பக்கம் மேல வரும், பொம்பள சட்டைன்னா பொதுவா வலது பக்கம் மேல. அதனால மிரர அப்ளை பண்ணிட்டு, ஒரு பக்கத்த நடுக்கோட்டத் தாண்டி இழுத்து, ரெண்டு லேயருக்கு நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. சட்டை பட்டன் விட்டம் 11 மில்லிமீட்டர் சொச்சம்தான், நிறைய மாடல்ல அது அஞ்சு ரூபா காயின் சைசுக்கு உக்காந்திருக்கும். பட்டனுக்குப் பட்டன் 8, 9 சென்டிமீட்டர் இடைவெளி. பொண்ணுங்க சட்டைன்னா மார்பு உயரமா இருக்கற லெவலுக்கு நேரா ஒரு பட்டன் கண்டிப்பா வரணும், இல்லன்னா அங்கதான் வாய் பிளக்கும், டெய்லர் முதல்ல அந்தப் பட்டன மார்க் பண்ணிட்டுத்தான் மேலயும் கீழயும் கணக்குப் போடுவாங்க. காஜா பட்டில செங்குத்தா இருக்கும், காலர்ல மட்டும் படுக்கையா. இவ்ளோ சின்ன விஷயம் யாரு பாக்கப்போறான்னு தோணும், ஆனா குளோஸப் ரெண்டர்ல துணி நிஜமா தெரியறதும் பிளாஸ்டிக்கா தெரியறதும் இதுலதான் இருக்கு.

அடுத்தது லூஸ். உடம்பு மெஷ்ஷ காப்பி பண்ணி, கொஞ்சம் ஊதிப் பெருக்கி, அதையே டிரஸ்ஸா ஆக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச ஷார்ட்கட். நீச்சல் டிரஸ்ஸுக்கும் ஜிம் டைட்ஸுக்கும் அது சரி, காட்டன் சட்டைக்கு அதையே பண்ணினா தொப்புள் குழி, முதுகுத்தண்டு பள்ளம், வயித்துத் தசை எல்லாம் துணி மேல அச்சு எடுத்த மாதிரி வந்துடும், மார்புல ரெண்டு பக்கமும் தனித்தனியா பை தச்சு ஒட்டின மாதிரி ஆயிடும். துணி பள்ளத்துக்குள்ள இறங்காது, மேட்டுலேர்ந்து மேட்டுக்குப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினாப்ல நிக்கும், கீழ தானா தொங்கும். சாதாரண சட்டைக்கு மார்புச் சுற்றளவ விட 8, 10 சென்டிமீட்டர் கூட விடுங்க. உடம்போட ஒட்டித்தான் இருக்கணும்னா டாட் (துணியக் கிள்ளி மடிச்சு அடிக்கற தையல்) போடுங்க, பிளவுஸ் தைக்கறவங்கள்ட்ட கேட்டா அது இல்லாம தட்டைத் துணிய உருண்டையா ஆக்க முடியாதுன்னு சொல்வாங்க. டாட் கோடு மெஷ்ல ஒரு எட்ஜ் லூப்பா (வரிசையா ஓடற கோடா) இருந்தாலே போதும், ஷேடிங்ல அது பிடிச்சுக் காட்டும்.

டாஸ்ல ஒரு டிரஸ்ஸ வேற ஃபிகருக்கு ஆட்டோஃபிட் பண்ணும்போதும் (தானா பொருந்த வைக்கும்போதும்) இதே ஒட்டற பிரச்சனை வரும், உடம்போட மார்ஃப் (வடிவ மாற்றம்) டிரஸ்ஸுக்கும் அப்படியே இறங்கிடறதால. ஸ்மூத்திங் மாடிஃபையர் போட்டு ஸ்மூத்திங் எண்ணிக்கையக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க. ரொம்ப ஏத்தினா காலர், பாக்கெட் எல்லாம் உருகின மெழுகு மாதிரி ஆயிடும், அதனால பாதி அதுல சரி பண்ணிட்டு மீதிய பிளெண்டர்ங்கற இன்னொரு த்ரீடி சாஃப்ட்வேர்ல ஸ்கல்ப்ட் பண்ணி (களிமண் மாதிரி செதுக்கி) மார்ஃபா ஏத்தறது நல்லது.

கைக்குழிதான் எனக்கு ரொம்ப மனசு வேகற இடம். கை தாராளமா தூக்கணும்னா கைக்குழிய ஆழமா வெட்டணும்னு நெனப்போம், நெசம் தலைகீழு. கைக்குழி கீழ இறங்க இறங்க, கையத் தூக்கும்போது மொத்தச் சட்டையும் கூடவே மேல ஏறும். அக்குளுக்குப் பக்கத்துல ஒட்டி வெட்டின சட்டைலதான் இடுப்புத் துணி அசையாம கை மட்டும் தூக்க முடியும். லூசான ஜிப்பா மாதிரி டிரஸ்னா அக்குள்ல ஒரு சின்னச் சதுரத் துண்டு வச்சுத் தைப்பாங்க, அதையும் மாடல்ல வைங்க, நாலு பாலிகான்தான் செலவு. கைய நேரா நீட்டி நிக்கற டி போஸ்ல சட்டையச் செஞ்சா கைய இறக்கும்போது அக்குள்ல ஒரு மூட்டைத் துணி சேரும். கை பாதி இறங்கின ஏ போஸ்ல ஆரம்பிங்க, பாதிச் சண்டை குறையும்.

இப்ப டெஸ்ட். டிரஸ் முடிஞ்சதும் நின்னுக்கிட்டே ரெண்டர் எடுக்காதீங்க. நாற்காலில உக்கார வைங்க, ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்குங்க, குந்த வைங்க, ஒரு கால் மட்டும் படில ஏறின மாதிரி வைங்க. இந்த நாலுலயும் தாங்கினா டிரஸ் தாங்கும். நான் வாங்கின ஒரு கோட்ட உக்கார வச்சப்ப வட்டமா இருந்த பட்டனெல்லாம் முட்டை வடிவத்துக்கு இழுபட்டுச்சு. காரணம் இதுதான், பட்டனும் துணியும் ஒரே மெஷ், வெயிட் பெயிண்ட் பண்ணும்போது (ஃபிகரோட எந்த எலும்பு எந்த இடத்த எவ்ளோ இழுக்கணும்னு குறிக்கும்போது) பட்டனோட மேல் பாதி இடுப்பு எலும்புக்கும் கீழ் பாதி தொடை எலும்புக்கும் போயிருக்கு, உக்காந்ததும் ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்குது. பிளெண்டர்ல இத சரி பண்ண, ஒரு பட்டன்ல இருக்கற எல்லா வெர்டெக்ஸுக்கும் (மெஷ் புள்ளிக்கும்) ஒரே அளவு வெயிட் குடுங்க, அது விறைப்பா ஒட்டிக்கிட்டே நகரும். டாஸ்லன்னா பட்டனத் தனிப் பொருளாப் பிரிச்சு, துணில அது உக்கார வேண்டிய இடத்துல ரிஜிட் ஃபாலோ நோட் (வடிவம் மாறாம துணியோடயே நகர்ற பிடிமானம்) ஒண்ணு உண்டாக்கி அதுல மாட்டுங்க. பக்கிள், பேட்ஜ், நகை எல்லாத்துக்கும் இதே வழி.

பாவாடை, ஸ்கர்ட்டு உக்காரும்போது ரெண்டு தொடைக்கு நடுவுல கிழிஞ்ச மாதிரி உள்ள போயிடும், ஸ்கர்ட்டு அரைக்கால் டிரவுசரா மாறிடும். இடது பாதி இடது தொடையோடயும் வலது பாதி வலது தொடையோடயும் போறதாலதான் அது. உடம்போட வெயிட்ட டிரஸ்ஸுக்கு மாத்தற, டாஸோட டிரான்ஸ்ஃபர் யுட்டிலிட்டில ஸ்கர்ட்டுக்குன்னே தனி டெம்ப்ளேட் இருக்கு, அத எடுக்காம பொதுவா டிரான்ஸ்ஃபர் பண்ணினா இந்தக் கதிதான். முழங்காலுக்குக் கீழ போற துணின்னா எலும்ப நம்பாதீங்க, 2017லயே டாஸ்ல டிஃபோர்ஸ்ங்கற துணி சிமுலேஷன் வந்துடுச்சு, பிளெண்டர்ல கிளாத் இருக்கு, துணி எப்படி விழும்னு கம்ப்யூட்டரே கணக்குப் போடற மாதிரி சிமுலேட் பண்ணிடுங்க. சிமுலேஷன கடைசிப் போஸ்ல நேரடியா ஆரம்பிக்காம டிரஸ் செஞ்ச போஸ்லேர்ந்து டைம்லைன்ல மெதுவா போஸுக்கு வர வைங்க, தொடைக்குள்ள துணி மாட்டிக்கிட்டு வெடிக்கறது அதுலயே முக்கால்வாசி நின்னுடும்.

துணியோட கனம் இன்னொண்ணு. கனமே இல்லாத ஒத்தைப் பேப்பர் மாதிரி கை முனையும் கழுத்து முனையும் இருந்தா கண்ணு உடனே கண்டுபிடிச்சிடும். அதுக்குன்னு பிளெண்டர்ல கனம் குடுக்கற சாலிடிஃபை மாடிஃபையர் போட்டா டீஃபால்ட்டா 0.01 வரும், பிளெண்டர் கணக்கு மீட்டர்ல, அப்படின்னா 1 சென்டிமீட்டர் கனம், சட்டை இல்ல மெத்தை அது. 0.001லேர்ந்து 0.002க்குள்ள வைங்க, நிஜத் துணி அத விட மெல்லிசுதான், ஆனா அதுக்கும் கீழ போனா ரெண்டு பக்கமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து கறுப்புத் திட்டா ரெண்டர் ஆகும். மாடிஃபையர் வரிசைல கிளாத் மேல, சாலிடிஃபை கீழ, அதாவது முதல்ல ஒத்தை லேயர்ல சிமுலேஷன், அப்புறம் கனம். ஓரத்த உள்ள மடிச்சு அடிச்ச மாதிரி முனைய 2 சென்டிமீட்டர் உள்பக்கம் எக்ஸ்ட்ரூட் பண்ணி விட்டா இன்னும் நல்லா இருக்கும், கைமடிப்புக்குள்ள நிழல் விழும்போது அப்படியே தச்ச துணி.

யூவி (டெக்ஸ்சர் ஒட்ட மெஷ்ஷத் தட்டையா விரிக்கறது) பத்தி ஒண்ணே ஒண்ணு. யூவிய டெய்லர் வெட்டற பீஸ் மாதிரி பிரிங்க, முன்பக்கம் ரெண்டு, முதுகு ஒண்ணு, கை ரெண்டு, காலர், பட்டி. கட்டம் போட்ட சட்டைல பாருங்க, சைடுத் தையல்ல கட்டம் வெட்டுப்பட்டு நிக்கும், கைல கட்டம் உடம்புக் கட்டத்தோட ஒட்டாம வேற கோணத்துல ஓடும். யூவிய ஒரே தோலா உரிச்சுப் போட்டா கட்டம் உடம்பச் சுத்திக் குழாய் மாதிரி போகும், எந்தத் தறில நெய்ஞ்சாலும் அப்படித் துணி வராது. மார்வலஸ் டிசைனர்ங்கற துணி சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல, அதுல ஆரம்பிக்கறதே பேட்டர்ன் வெட்டித் தைக்கறதுலதான், பார்ட்டிக்கிள் டிஸ்டன்ஸ (துணிப் புள்ளிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளிய) 20ல வச்சு வேலை செஞ்சுட்டு முடிக்கும்போது 5க்கு இறக்கினா மடிப்பு நல்லா விழும்.

கவசம் செய்யறவங்களுக்கும் இதே கேள்விதான், எப்படி மாட்டுவாங்க. ஐரோப்பாவுல நிஜமா போட்ட முழு உலோகக் கவசம் 15லேர்ந்து 25 கிலோ, அதப் போட்டுக்கிட்டு குதிரை ஏறியிருக்காங்க, ஏன்னா துண்டு துண்டா செஞ்சு ரிவெட்டும் தோல் வாருமா இணைச்சிருந்தாங்க. மார்புத் தகடு இடுப்புல விரிஞ்சு நிக்கும், பாரம் தோள்ல மட்டும் இல்லாம இடுப்புலயும் இறங்கணும்னு. கேம்ல வர்ற தோள் தகடு தலை உயரத்துக்கு இருக்கும், கையத் தூக்கினா தகடு கன்னத்துல குத்தும், அதச் சின்னதாக்கி மூணு நாலு அடுக்கா உடைச்சு ஒண்ணுக்கடில ஒண்ணு வழுக்கற மாதிரி வைங்க. பொண்ணு கேரக்டருக்கு மார்ப ரெண்டு கிண்ணமா பிரிச்சு அடிக்காதீங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளம் வாள் முனைய நேரா நெஞ்செலும்புக்குத்தான் வழிகாட்டும், வெளிய வளைஞ்ச ஒரே தகடு போட்டா உள்ள எல்லாருக்கும் இடம் இருக்கு, மேல விழுந்த அடியும் வழுக்கிட்டுப் போயிடும். அடில பஞ்சு வச்ச அங்கி ஒண்ணு கண்டிப்பா வேணும், வெறும் உடம்புல இரும்பு யாரும் போட்டதில்ல.

நம்மாளுங்க நிறைய பேரு புடவை செய்ய ஆசப்படறோம், அதுக்கு ரெண்டு வார்த்தை. விக்கற டிஜிட்டல் புடவைல பலது புடவை படம் ஒட்டின கவுன்தான், கொசுவம் சிற்பத்துல செதுக்கின மாதிரி அசையாம நிக்குது. 5.5 மீட்டர் துணிய முழுசா சுத்தி சிமுலேட் பண்றது கம்ப்யூட்டருக்குப் பெரும்பாடு, அதனால கீழ்ச்சுத்து, கொசுவம், முந்தானைன்னு மூணாப் பிரிச்சு, ஒட்டற இடத்த இடுப்புச் சொருகல்லயும் தோள் மடிப்புலயும் மறைச்சுடுங்க. உள்ள பாவாடை கட்டாயம், சொருகறதுக்கு நாடா இறுக்கம் வேணும்ல, மெஷ்லயும் அந்த இடத்துல இடுப்பு லேசா உள்ள பிடிச்சிருக்கணும். தோள்ல ஊக்கு குத்தற இடத்த சிமுலேஷன்ல நகராதபடி பின் பண்ணிடுங்க. மிரர் பண்ணினாலோ படத்தத் திருப்பினாலோ இடது தோள்ல இருக்கற முந்தானை வலது தோளுக்குப் போயிடும், சாதாரணக் கட்டுன்னா கொசுவமும் கட்டினவங்களோட இடது பக்கம் பாத்துத்தான் மடிஞ்சிருக்கும், ரெண்டையும் கடைசியா ஒரு தடவ பாத்துடுங்க.

அந்தக் கவுன சும்மா விடல. ஓபிஜே ஃபைலா எடுத்து பிளெண்டர்ல போட்டு, கழுத்துப் பின்பக்கத்துலேர்ந்து இடுப்புக்குக் கீழ வரைக்கும் நடு எட்ஜ் லூப்ப செலக்ட் பண்ணி, வி கீய அழுத்திப் பிரிச்சு, ரெண்டு ஓரத்தையும் உள்ள மடிச்சு, நடுவுல மறைவு ஜிப் வச்சேன். வெர்டெக்ஸ் எண்ணிக்கை மாறிட்டதால மார்ஃபா ஏத்த முடியாது, டிரான்ஸ்ஃபர் யுட்டிலிட்டில திரும்ப ரிக் பண்ணணும் (எலும்போட இணைக்கணும்), அத மறந்துடாதீங்க. கை ரொம்ப டைட்டா இருந்ததால மணிக்கட்டுல 8 சென்டிமீட்டர் பிளவு விட்டு மூணு சின்னப் பட்டனும் வச்சேன். அம்மாகிட்ட காட்டினேன், முதுகுப் பக்கம் திருப்பச் சொல்லி பக்கத்துல வந்து பாத்துட்டு "ஜிப்புக்கு மேல கொக்கி ஒண்ணு வைடா, உக்காந்து எந்திரிச்சா ஜிப் இறங்கிடும்"ன்னாங்க. கொக்கியும் வச்சாச்சு, 6 மில்லிமீட்டர், ரிஜிட் ஃபாலோ நோட்லதான் உக்காந்திருக்கு.