கையை மட்டும் மரக்க வைத்து ஆபரேஷனா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

காசிமேட்டுப் படகில் வலை இழுக்கும் விஞ்சில் விரல் மாட்டினாலும் சரி, ராயபுரத்து லேத் பட்டறையில் உள்ளங்கை கிழிந்தாலும் சரி, ஆபரேஷன் என்றதும் "முழு மயக்கமா டாக்டர்?" என்றுதான் கேட்கிறோம். பல நேரம் அது தேவைப்படாது. கைக்குப் போகும் நரம்புக் கூட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, கழுத்தெலும்புக்கு மேலேயோ அக்குளிலோ மரக்கும் மருந்தை ஊசியில் போடுவார்கள். அரை மணிக்குள் கை கனத்து, வேறு யாருடைய கையோ என்று தோன்றும்.

திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. பால் டீ தண்ணீர்க் கணக்கில் வராது! ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஊசி போடும்போது காது இரைந்தாலோ, வாயைச் சுற்றி மரத்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பக்கத்து இமை தொங்குவதும் குரல் கம்முவதும் பெரும்பாலும் மருந்து வடிந்ததும் சரியாகிவிடும். அறுக்கும்போது இழுப்பது தெரியலாம், வலி தெரியக் கூடாது.

அப்புறம் வீடு. மரப்பு அரை நாள்கூட நீடிக்கும். என் மச்சான், கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டிவிடும் துணித் தூளியைக் கழற்றிவிட்டு, கையைச் சோற்றுப் பானை மேல் சாய்த்திருக்கிறான், கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் தூளியைக் கழற்றாதீர்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை மரப்பு விடுவதற்கு முன்பே போடுங்கள், இல்லாவிட்டால் நள்ளிரவில் வலி மொத்தமாக வந்து இறங்கும். விரல் நீலமானாலோ, சொன்ன நேரம் தாண்டியும் உணர்வு வராவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.