ஆறு பண்டிகைகள், ஓர் ஆண்டு: குழுவாக வாசிக்க ஒரு முறை

எங்கள் வாசிப்புக் குழுவில் 11 பேர். ஐந்து ஆண்டுகளாகப் பல நாட்டு மக்களின் பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வாசித்து வருகிறோம். இதைப்போல் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது புத்தகப் பட்டியலைத்தான். அதை நான் கொடுப்பதில்லை. தேடி அலைந்து ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தவர் அதைப் படிக்கும் விதமே வேறு. பட்டியலுக்குப் பதிலாக, எங்களுக்குக் கைகொடுத்த முறையை எழுதுகிறேன்.

எத்தனை பண்டிகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதத்துக்கு ஒன்று என்று 12 கட்டம் போடத்தான் எல்லாருக்கும் கை போகும். முதலாண்டில் நாங்களும் அப்படித்தான் போட்டோம். மார்ச் வரை உற்சாகமாக ஓடியது. ஏப்ரலில் நான்கு பேர் பின்தங்கினார்கள். ஜூன் வந்தபோது, கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்பதற்காகக் கையில் கிடைத்ததைப் படித்துக்கொண்டிருந்தோம். ஆறு போதும். ஒரு பண்டிகைக்கு ஏறத்தாழ எட்டு வாரம் கிடைக்கும்: மூன்று வாரம் புத்தகம் தேட, நான்கு வாரம் படிக்க, கடைசி வாரம் கூடிப் பேச. தேடுவதற்கு மூன்று வாரமா என்று கேட்பீர்கள். நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க அவ்வளவு நாள் பிடிக்கும்.

பண்டிகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது டிசம்பரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கிறிஸ்துமஸ், பெரும்பாலான ஆண்டுகளில் யூதர்களின் ஹனுக்கா, ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 1966 முதல் கொண்டாடும் க்வான்சா, ஈரானியரின் யால்டா இரவு எல்லாம் அந்த ஒரு மாதத்தை நோக்கி வருகின்றன. விட்டால் ஆறில் நான்கை அதுவே விழுங்கிவிடும். இரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி தேதி. இதில் நான் செய்த ஒரு தவறு இன்னும் மனத்தில் இருக்கிறது. முதலாண்டுத் தாளில் ரம்ஜான் பெருநாளை முந்தைய ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்துக் குறித்துவிட்டேன். இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். அதனால் சூரிய நாட்காட்டியில் பெருநாள் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். நாங்கள் கூடிப் பேசிய நாளில் பெருநாள் முடிந்து பத்து நாளாகியிருந்தது. குழுவில் நோன்பு வைக்கும் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். கூட்டத்தில் அவர் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு தாளை எடுத்து, சரியான தேதியைப் பென்சிலால் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து, ஆண்டின் முதல் கூட்டத்தில் நாங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. நாட்காட்டியைப் பற்றித்தான் பேச்சு. ஆளுக்கொரு பண்டிகையை எடுத்துக்கொண்டு, அந்த நாள் எப்படிக் குறிக்கப்படுகிறது என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். சீனப் புத்தாண்டு ஏன் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே ஆண்டுக்கொரு நாளில் வருகிறது? ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸ் ஏன் இரவும் பகலும் சமமாகும் வசந்தகாலத் தருணத்தில் பிறக்கிறது? எத்தியோப்பியாவின் ஆண்டுக்கு 13 மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11-இல், சில ஆண்டுகளில் 12-இல் வரும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் குளிர்கால விடியலில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மீண்டும் தென்படுவதைக் கொண்டு மாத்தாரிக்கி என்ற புத்தாண்டைக் கொண்டாடுகிறார்கள். 2022-இல்தான் அது அந்நாட்டின் பொது விடுமுறையானது. கடந்த ஆண்டில் இறந்தவர்களை நினைப்பதும் அந்த நாளின் பகுதி. இவ்வளவையும் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், கதையில் ஒரு கிழவி வானத்தை அண்ணாந்து பார்க்கும் இடத்தில் நாமும் சேர்ந்து பார்ப்போம். 2030-இல் ரம்ஜான் மாதம் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் தொடங்கும் என்று எங்கள் குழுவின் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டிய மாலையில், நேரமாகிவிட்டதே என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்தது புத்தகத் தேர்வு. என் அனுபவத்தில் இந்த முறை பிழைப்பதும் படுப்பதும் இங்கேதான். பண்டிகையை விளக்கும் புத்தகம் ஒரு வகை. பண்டிகை நடக்கும் புத்தகம் இன்னொரு வகை. முதல் வகை எளிதில் கிடைக்கும். டூயி வகைப்பாட்டு முறையில் அடுக்கும் நூலகமானால் 394.26 என்ற எண்ணுள்ள தட்டுக்குப் போங்கள், உலகப் பண்டிகைகள் அத்தனையும் அங்கே வரிசையாக இருக்கும். ஒரு மணி நேரம் புரட்டுங்கள். பெயர்களையும் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை அங்கேயே வைத்துவிட்டு, நாவலும் சிறுகதையும் தன்வரலாறும் இருக்கும் பக்கம் நடங்கள். விளக்கப் புத்தகத்தில் எல்லாரும் மகிழ்ச்சியாகவே இருப்பார்கள். கதையில்தான் பண்டிகையன்று அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பார்கள், புதுத் துணி சரியாகத் தைக்கப்பட்டிருக்காது, வர வேண்டியவர் வரமாட்டார். ஒரு மக்களை நெருங்கிப் பார்க்க அதுவே வாசல்.

அதனால் எங்கள் விதிகள் மூன்றே. எழுதியவர் அந்தப் பண்டிகையைக் கொண்டாடும் மக்களில் ஒருவராக இருக்க வேண்டும். அந்த நாள் ஒரு முழுக் காட்சியாகவாவது வர வேண்டும். போகிற போக்கில் ஒரு வரி வந்தால் போதாது. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது விதி மரியாதைக்காகச் சேர்த்தது. பிறகு பார்த்தால் தேடுவதற்கும் அதுவே உதவியது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துவிட்டால், அதே மொழியிலிருந்து அவர் கொண்டுவந்த மற்ற நூல்களும் கைக்கு வரும். தன்வரலாறுகளில் இளமைப் பருவ அத்தியாயங்களை முதலில் பாருங்கள், பண்டிகைகள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். நூலகப் பட்டியலில் பண்டிகையின் பெயரை அந்த மொழியில் வழங்கும் உச்சரிப்பிலும் தேடுங்கள். படக் கதை, கவிதை, நாடகம் எதற்கும் தடை வேண்டாம்.

ஆளுக்கொரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தால் பேச்சு ஒட்டாது, ஒருவர் சொல்லிக்கொண்டே போவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனவே எல்லாருக்கும் பொதுவாக 30 பக்கத்துக்கு மிகாத ஒரு கதையோ அத்தியாயமோ வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லாதவரும் அதைப் படித்துவிட்டு வந்து உட்காரலாம். அவரை யாரும் குறையாகப் பார்க்கக் கூடாது.

கூட்டத்தில் என்ன கேட்பது? எங்களிடம் இரண்டு கேள்விகள் நிலைத்துவிட்டன. முதல் கேள்வியைக் கொடுத்தவர் குழுவில் உள்ள ஒரு செவிலியர். பண்டிகை நாள்களில் பெரும்பாலும் அவருக்கு இரவுப் பணி இருக்கும். ஒரு கதையில் பெரிய விருந்து நடக்கிறது, இருபது பேர் சாப்பிட்டு எழுகிறார்கள். எல்லாரும் அந்த வருணனையைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “பாத்திரம் துலக்கியது யார் என்று எழுதவே இல்லையே” என்றார். நாங்கள் எல்லாரும் பக்கங்களைத் திருப்பித் தேடினோம். ஓரிடத்தில் பெயரில்லாத ஒரு பெண் ஒரே ஒரு வாக்கியத்தில் கதவோரம் நின்றாள். அன்றிலிருந்து எந்தப் பண்டிகையானாலும் கேட்கிறோம்: அன்றைக்கு வேலை செய்தவர் யார்? இரண்டாவது கேள்வி, அந்த நாள் எப்படி முடிகிறது என்பது. தொடக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் எழுதுகிறார்கள். விளக்கணைத்த பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அப்படி எழுதியிருப்பவரின் மற்ற புத்தகங்களையும் நாங்கள் தேடிப் படித்திருக்கிறோம்.

ஆறில் குறைந்தது இரண்டு, வாசிப்பையே கொண்டாட்டத்தின் பகுதியாகக் கொண்ட பண்டிகைகளாக இருக்கட்டும். தேடினால் நிறையவே உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஏப்ரல் 23, சான் ஜோர்டி நாளன்று, புத்தகமும் ரோஜாவும் பரிசளித்துக்கொள்கிறார்கள். யுனெஸ்கோ 1995-இல் உலகப் புத்தக நாளாக அறிவித்ததும் அதே நாளைத்தான். ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் புத்தகங்களைப் பரிசளித்துப் படிக்கும் வழக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற பொருள்களுக்குத் தட்டுப்பாடு வந்து காகிதம் மட்டும் கிடைத்தபோது வலுப்பெற்றது. வாசிப்புப் பண்டிகையாக இல்லாவிட்டாலும் வாசிப்புக்கு ஏற்ற நாள்களும் உண்டு. இந்தோனேசியாவின் பாலித் தீவு இந்துக்களின் புத்தாண்டான நியெப்பி நாளில் 24 மணி நேரம் விளக்கில்லை, வேலையில்லை, பயணமில்லை; விமான நிலையமே மூடப்படும். அந்தப் பண்டிகைக்கான கூட்டத்தில் நாங்கள் பேசவில்லை. இரண்டு மணி நேரம் ஒரே அறையில் மௌனமாகப் படித்துவிட்டுக் கலைந்தோம். குழுவில் எவரும் மறக்காத கூட்டங்களில் அது ஒன்று.

இன்னொன்று பூரிம். யூதர்கள் எஸ்தரின் கதையை அன்று முழுவதுமாக உரக்க வாசிப்பார்கள். அவர்களை அழிக்கச் சூழ்ச்சி செய்த ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் கேட்பவர்கள் கிலுக்கியும் காலால் தட்டியும் அந்தப் பெயர் காதில் விழாதபடி சத்தம் எழுப்புவார்கள். சத்தம் ஓய்ந்த பிறகுதான் வாசிப்பவர் தொடர்வார், ஏனென்றால் ஒரு சொல்கூட விடுபடாமல் கேட்க வேண்டும் என்பது விதி. பைபிளில் அது பத்தே அதிகாரம், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். எங்கள் கணித ஆசிரியர் வாசித்தார். அவருடைய எட்டு வயதுப் பேத்தி, பொத்தான்கள் போட்ட தகர டப்பா ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆமான் மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில்தான் வருகிறான். அதுவரை இரண்டு அதிகாரம் அந்தக் குழந்தை டப்பாவை அசைக்காமல், தாத்தாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் வந்ததும் அவள் குலுக்கிய குலுக்கலில் டப்பாவின் மூடி பறந்து பொத்தான்கள் தரையெங்கும் உருண்டன. வாசிப்பை நிறுத்தி எல்லாரும் குனிந்து பொறுக்கினோம். ஐந்தாம் அதிகாரத்துக்குள் தாத்தாவின் குரல் எப்போது தணிகிறது என்பதை வைத்துப் பெயர் வரப்போவதை அவள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டாள். எங்களில் அவளைப் போல் உன்னிப்பாக அன்று கேட்டவர் இல்லை. முடிந்ததும், எபிரேய மூலத்தில் இந்தக் கதையில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை என்பதைப் பற்றித் தொடங்கிய பேச்சு வெகுநேரம் நீண்டது.

இங்கே ஓர் எல்லை உண்டு. அவர்களைப்போல் வாசிக்கலாம், அவர்களைப்போல் வேடம் போட்டுச் சடங்கை நடித்துப் பார்க்கக் கூடாது. அதேபோல், உங்கள் குழுவில் அந்தப் பண்டிகையைக் கொண்டாடுகிறவர் இருந்தால், அவரைத் தன் மக்கள் அனைவருக்குமான சாட்சியாக நிறுத்தாதீர்கள். பெருநாள் கூட்டத்தில் நாங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, “நானும் இந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், கதையைப் பற்றிக் கேளுங்கள்” என்றார் அந்த உறுப்பினர். சரியான பேச்சு. அவராக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண், பரிசு, யார் அதிகம் படித்தார் என்ற கணக்கு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். படித்தவர் தன் கையால் புத்தகப் பெயர், எழுதியவர், மொழிபெயர்த்தவர், பண்டிகை வரும் பக்க எண், வேலை செய்தவர் யார் என்ற கேள்விக்கான விடை ஆகியவற்றை எழுத வேண்டும். பக்க எண் முக்கியம். வேறொருவர் அதே புத்தகத்தை எடுக்கும்போது நேரே அந்தக் காட்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிடித்தால் முதல் பக்கத்துக்குத் திரும்புவார்.

ஆண்டு முடிவில் ஆறு பண்டிகைகளையும் மாற்றுங்கள், ஒன்றைத் தவிர. எங்களுக்கு அந்த ஒன்று யால்டா. ஆண்டின் மிக நீண்ட அந்த இரவில் ஈரானியர்கள் குடும்பமாக விழித்திருந்து, மனத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டு 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஹாஃபிஸின் தொகுப்பை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து, அங்கிருக்கும் கஜலில் விடை தேடுவார்கள். மூன்று ஆண்டுகளாக அந்த இரவில் நாங்கள் கூடி ஹாஃபிஸை வாசிக்கிறோம். சென்ற முறை செவிலியருக்குப் பணி இருந்ததால் வர இயலவில்லை. அவருக்காக ஒரு பக்கத்தைத் திறந்து, அந்தக் கவிதையை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மறுநாள் காலை பணி முடிந்து வந்தபோது கையில் கொடுத்தேன்.