ஜப்பானிய ஆண் பெயருக்குப் பொருள் கண்டறிவது எப்படி: 'ஹருட்டோ'வை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

'ஹருட்டோ' என்ற பெயருக்கு என்ன பொருள் என்று இணையத்தில் தேடினால், 'சூரியன், பறத்தல்' என்று ஒரு தளமும் 'வசந்த காலத்து மனிதன்' என்று மற்றொரு தளமும் அடித்துச் சொல்லும். இரண்டும் சில ஹருட்டோக்களுக்குச் சரி, மற்றவர்களுக்குச் சரியல்ல. ஜப்பானியப் பெயரின் பொருள் ஒலியில் இல்லை, அதை எழுதும் கன்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளில் இருக்கிறது என்பதை அந்தத் தளங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. உடன் பணியாற்றும் ஜப்பானியர் ஒருவரின் பெயருக்கு நானே பொருள் தேடியபோது பின்பற்றிய வழியை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு ஒலியை மட்டும் காட்டும் ஜப்பானிய எழுத்தான ஹிரகானா வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: எழுத்துகளைப் பெறுங்கள்

பெயருக்குரியவர் தெரிந்தவர் என்றால் அவருடைய விசிட்டிங் கார்டைப் பாருங்கள், அல்லது எந்தக் கன்ஜியில் எழுதுகிறீர்கள் என்று நேரில் கேளுங்கள். ஜப்பானில் இது இயல்பாகக் கேட்கப்படும் கேள்வி என்பதால் தயங்க வேண்டியதில்லை. பிரபலமானவர் என்றால் ஜப்பானிய விக்கிப்பீடியாவில் அவருடைய கட்டுரையின் முதல் வரி போதும். அங்கே கன்ஜியும், அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஹிரகானாவில் வாசிப்பும் இருக்கும்.

ஒலி மட்டுமே கையில் இருந்தால், ஜிஷோ என்ற இணைய அகராதியில் பெயரை இட்டு, அதனுடன் ஹேஷ் குறியோடு 'நேம்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். ஹருட்டோவுக்கு நீண்ட பட்டியல் வரும். குழந்தைப் பெயர்த் தளங்களைவிட இதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் இது பொருள் சொல்ல முந்திக்கொள்ளாமல், இப்படியெல்லாம் எழுதலாம் என்று மட்டும் காட்டுகிறது. எந்த எழுத்துமுறை பரவலானது, எது அரிதானது என்பதை அந்தப் பட்டியலில் தேடாதீர்கள்.

ரோமன் எழுத்தில் வந்த பெயர் என்றால் நெடில் தொலைந்துபோயிருக்கலாம். பெரும்பாலும் பெண்களுக்கு வைக்கப்படும் 'யுகி'யும், ஆண்களுக்குப் பரவலாக வைக்கப்படும் 'யூகி'யும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படுகின்றன. தமிழில் குறிலும் நெடிலும் தனித்தனியே இருப்பதால், நெடிலைப் பொறுத்தவரை ஹிரகானாவைப் பார்த்து நேராகத் தமிழில் எழுதிக்கொள்வது ரோமன் எழுத்தில் குறித்துக்கொள்வதைவிடப் பாதுகாப்பானது.

இரண்டாம் படி: எழுத்துக்கு எழுத்து பொருள்

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். ஹருட்டோ என்ற பெயரை இன்று பரவலாக எழுதும் முறையில் இரண்டு கன்ஜிகள் உள்ளன. முதல் எழுத்துக்கு வெயில், சூரிய ஒளி என்று பொருள்; இரண்டாம் எழுத்துக்குச் சிறகு விரித்து உயரப் பறத்தல் என்று பொருள். இவற்றை அகராதியில் தேடினால், முதல் எழுத்துக்கு 'யோ', 'ஹி' என்ற வாசிப்புகளும், இரண்டாம் எழுத்துக்கு 'ஷோ', 'ககேரு', 'டோபு' என்ற வாசிப்புகளும் கிடைக்கின்றன. 'ஹரு' என்பதும் இல்லை, தனி 'டோ' என்பதும் இல்லை. தவறான எழுத்தை எடுத்துவிட்டோம் என்று நினைத்துப் பலர் இங்கேயே தேடலைக் கைவிடுகிறார்கள்.

எழுத்து சரியானதுதான். கன்ஜிகளுக்கு அன்றாட வாசிப்புகள் தவிர, பெயர்களில் மட்டுமே வழங்கும் வாசிப்புகளும் உண்டு. அவற்றை 'நனோரி' என்கிறார்கள். வெயிலைக் குறிக்கும் எழுத்தை 'ஹரு' என்று வாசிப்பது அந்த வகை. இரண்டாம் எழுத்தின் 'டோ', பறத்தல் என்ற பொருளுடைய 'டோபு' என்ற வினையின் முதல் ஒலியை மட்டும் வெட்டி எடுத்தது. அண்மைக் காலப் பெற்றோர் இப்படி வெட்டி எடுக்கும் முறையைப் பெரிதும் விரும்புகிறார்கள். எனவே அகராதியில் பெயரின் ஒலி கிடைக்கவில்லை என்றால் நனோரிப் பகுதியைப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால், நீண்ட வாசிப்பு ஏதேனும் அந்த ஒலியில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானியின் பெயரில் வரும் 'ஷோ'வும் இதே பறக்கும் எழுத்துதான். அங்கே அது அன்றாட வாசிப்பில் நிற்கிறது.

மற்ற ஹருட்டோக்களின் கதை வேறு. முதல் எழுத்து தெளிந்த வானம், வசந்தம், தொலைதூரம் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். இரண்டாம் இடத்தில் அடிக்கடி வரும் இன்னொரு எழுத்து, அகராதிப்படி சுமார் 18 லிட்டர் கொண்ட பழைய முகத்தல் அளவையைக் குறிக்கிறது. அதைக் கண்டு 'சூரிய மரக்கால்' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அதே எழுத்து சப்தரிஷி மண்டலத்தின் ஜப்பானியப் பெயரிலும் வருவதால், அதற்கு விண்மீன் சாயல் உண்டு. பல பெயர்களில் அது ஒலிக்காகவே வந்து அமர்கிறது. ஒவ்வோர் எழுத்தின் பொருளையும் ஒட்டவைத்து ஒரு வாக்கியமாக்க முயலாமல், பெற்றோர் இரண்டு நல்ல காட்சிகளை அருகருகே வைத்திருக்கிறார்கள் என்று கொள்வதே முறை.

மூன்றாம் படி: தோற்றம்

கன்ஜிகள் சீனத்திலிருந்து வந்தவை என்றாலும் பெயர்கள் அனைத்தும் பழமையானவை அல்ல. 1948 முதல், குழந்தையின் பெயரில் அரசு அனுமதித்த எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தலாம். பெயர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று 1951-இல் 92 எழுத்துகளுடன் வெளிவந்து, பிறகு பலமுறை விரிந்தது. இன்று 2136 பொதுப் பயன்பாட்டு எழுத்துகளோடு, பெயர்களுக்கு மட்டும் 860-க்கும் மேற்பட்ட எழுத்துகள் கூடுதலாக உள்ளன. பறக்கும் எழுத்து அந்தப் பட்டியலில் சேர்ந்தது 1981-இல். 'ரென்' என்ற பெயரை எழுதும் தாமரை எழுத்து சேர்ந்தது 1990-இல். ஆகவே 1948-க்குப் பிறகு பதிவான ஒரு பெயரில் ஓர் எழுத்து எப்போதிருந்து வந்திருக்க முடியும் என்பதை, அது அனுமதிக்கப்பட்ட ஆண்டைப் பார்த்து அறியலாம். ஆனால் 1948-க்கு முன் இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், பெயர் எவ்வளவு பழமையானது என்பதை இந்த ஆண்டு மட்டும் சொல்லிவிடாது.

நான்காம் படி: எவ்வளவு பரவலானது?

மெய்ஜி யசுதா என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் காப்பீட்டுதாரர்களின் பெயர்களைக் கொண்டு ஆண்டுதோறும் வெளியிடும் தரவரிசை, 1912 முதலான பிறப்பு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. பெனெஸ்ஸே நிறுவனத்தின் குழந்தை வளர்ப்பு வெளியீடான தமஹியோவும் இத்தகைய பட்டியலை வெளியிடுகிறது. ஆண்டுகளை ஒப்பிட விரும்பினால் முதலாவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, தரவரிசை இரண்டு உண்டு என்பது: ஒன்று எழுத்துப்படி, மற்றது வாசிப்புப்படி. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் எழுத்துப்படி முதலிடம் 'ரென்' என்ற தாமரைக்கு; அதே ஆண்டுகளில் வாசிப்புப்படி முதலிடம் ஹருட்டோவுக்கு. இதில் முரண்பாடு இல்லை. ரென் பெரும்பாலும் ஒரே எழுத்தில் குவிகிறது, ஹருட்டோவோ பல எழுத்துமுறைகளில் சிதறிப்போகிறது. ஒலியாக எண்ணும்போது அந்தச் சிதறல்கள் ஒன்றுகூடிவிடுகின்றன. 'மிகப் பிரபலமான பெயர்' என்று எழுதும் எவரும் எந்தப் பட்டியலைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

பழைய பட்டியல்களையும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தைஷோ பேரரசரின் காலம் தொடங்கிய 1912-இல் முதலிடம் பெற்ற 'ஷோஇச்சி' என்ற பெயரில், அந்தக் காலத்தின் பெயரிலிருந்து ஓர் எழுத்தும் 'ஒன்று' என்ற எண்ணும் உள்ளன. அடுத்த ஆண்டில் அந்த இடத்தில் இரண்டு என்ற எண்ணோடு 'ஷோஜி' வருகிறது. போர் ஆண்டுகளான 1942 முதல் 1945 வரை, வெற்றி என்று பொருள்படும் 'மசாரு' முதலிடத்தில் நிற்கிறது. பசி நாட்டை வாட்டிய 1946-இல், கதிர் முற்றி விளைவதைக் குறிக்கும் 'மினோரு' அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு நாட்டின் பெற்றோர் எதை வேண்டினார்கள் என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் ஆவணங்கள் குறைவு.

பின்சேர்க்கை

'இச்சிரோ என்றால் முதல் மகன் தானே, அதற்கும் எழுத்து பார்க்க வேண்டுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பார்க்க வேண்டும். இச்சிரோ வழக்கமாக 'ஒன்று', 'மகன்' என்ற எழுத்துகளால் எழுதப்படுவது உண்மைதான். ஆனால் பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகியின் பெயரில் இரண்டாவது எழுத்து மகனைக் குறிப்பதன்று, தெளிவையும் மலர்ச்சியையும் குறிப்பது. அவர் தம் பெற்றோரின் இரண்டாம் மகன்.

மற்றொரு வாசகர், தம் மருமகனின் நண்பருடைய பெயர் 'டைக்கி' என்றும், ஒரே எழுத்துகளுக்கு முதல் ஒலியாக ஓரிடத்தில் ஆங்கில T-யும் மற்றோரிடத்தில் D-யும் காட்டப்படுவதாகவும் எழுதியிருந்தார். இரண்டு வாசிப்புகளும் உண்மையிலேயே வழக்கில் உள்ளன. தமிழில் எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். 2025 மே மாதம் வரை ஜப்பானின் குடும்பப் பதிவேட்டில் பெயரின் வாசிப்பே இடம்பெறவில்லை. அம்மாதம் 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி வாசிப்பும் பதிவாகிறது, அந்த வாசிப்பு பொதுவழக்கில் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துள்ளது. ஆகவே டைக்கியின் பெயரைக் கன்ஜியோடு ஹிரகானாவிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.