அமெரிக்கத் தேர்தல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தது யார்? தேடிப் பிடிக்கும் முறை

டிவி விளம்பரத்தின் கடைசி விநாடிகளிலிருந்து தொடங்குங்கள். செனட், பிரதிநிதிகள் சபை, அதிபர் தேர்தல் என்றால், பணம் கொடுத்தவரின் பெயர் திரை உயரத்தில் 4 சதவீதத்துக்குக் குறையாத எழுத்தில் குறைந்தது 4 விநாடி தெரிய வேண்டும் என்பது விதி. அங்கே நிறுத்திப் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல அமைப்புகள் உண்டு. ஒரு சொல் மாறினால் வேறு யாருடைய கணக்கிலோ போய் நிற்பீர்கள். சேனல், தேதி, நேரம் மூன்றும் வேண்டும்.

அடுத்தது, டிவி, வானொலியைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்சிசியின் தளம். டிவி நிலையங்கள் தங்கள் அரசியல் விளம்பரக் கோப்புகளை அங்கே ஏற்றியாக வேண்டும். பிட்ஸ்பர்க் நிலையம் என்றால் கேடிகேஏ என்று தேடி, 'பொலிட்டிக்கல் ஃபைல்ஸ்' பகுதியில் ஆண்டைத் திறங்கள். வேட்பாளர் கொடுத்தவை தனியாகவும், வெளி அமைப்புகள் கொடுத்தவை தனியாகவும் இருக்கும். வெளி அமைப்பின் படிவத்தில் அதன் நிர்வாகிகள் அல்லது இயக்குநர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். கிடைத்ததை அன்றே டவுன்லோடு செய்துவிடுங்கள். நிலையம் 2 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும்.

பெரும்பாலான தவறுகள் நடப்பது இந்தக் கோப்புகளில்தான். ஆர்டர் என்பது திட்டம் மட்டுமே. எந்த நாள், எத்தனை மணிக்கு ஓடியது என்பதை இன்வாய்ஸ்தான் சொல்லும். ஒரே ஆர்டர் திருத்தப்பட்டு இரண்டு மூன்று முறை ஏறியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் செலவு பல மடங்காகிவிடும். கிராஸ் தொகையில் ஏஜென்சி கமிஷனும் சேர்ந்திருக்கும், நெட் தொகையில் இருக்காது. பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் வேட்பாளரிடம் நிலையம் தன் மிகக் குறைந்த கட்டணத்தையே வாங்க வேண்டும். வேட்பாளரைச் சாராமல் வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவழிக்கும் அமைப்பான சூப்பர் பிஏசிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே இரு தரப்பும் ஒரே தொகையைச் செலவழித்தார்கள் என்பதால், ஒரே அளவு ஒளிபரப்பு கிடைத்தது என்று எழுதாதீர்கள்.

இனி, தேர்தல் நிதிக் கணக்குகளைப் பெறும் அரசு ஆணையமான எஃப்இசியின் தளத்தில் அதே பெயரைத் தேடுங்கள். அமைப்பின் முதல் படிவத்தில் பொருளாளர், வங்கி, முகவரி இருக்கும். ஷெட்யூல் ஏ வரவு, ஷெட்யூல் இ வேட்பாளருடன் கலந்துபேசாமல் தேர்தலுக்குச் செய்த தனிச் செலவு. 200 டாலருக்கு மேல் கொடுத்தவர் பெயர் வரவில் வரும். ஒரே பொருளாளர் பல அமைப்புகளில் இருப்பதை மட்டும் வைத்து அவற்றை முடிச்சுப் போடக் கூடாது. பொருளாளர்களில் பலர் கணக்கு எழுதுவதையே தொழிலாகச் செய்பவர்கள்.

தேதியையும் பாருங்கள். 2024 நவம்பர் 5 தேர்தலுக்கு முந்தைய கணக்கு அக்டோபர் 16 உடன் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பணத்துக்கான முழுக் கணக்கைத் தேர்தல் முடிந்து டிசம்பர் 5க்குள் கொடுத்தால் போதும். கடைசி வாரங்களில் திடீரென முளைக்கும் சூப்பர் பிஏசிகளுக்கு இந்த இடைவெளிதான் வசதி. வாக்காளருக்கு இழைக்கப்படும் அநியாயம் இது.

நன்கொடையாளர் இடத்தில் 501(சி)(4) என்ற வரிச்சட்டப் பிரிவில் வரும் லாப நோக்கமற்ற அமைப்பு நின்றால், அதற்குப் பணம் கொடுத்தவர் பெயர் பொதுவில் கிடைக்காது. அது வரித்துறைக்குக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கான 990 படிவத்தை, ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனத்தின் நான்ப்ராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் எடுங்கள், தாமதமாகத்தான் வரும். மற்ற அமைப்புகளின் 990களில், அவை கொடுத்த மானியங்களைப் பட்டியலிடும் ஷெட்யூல் ஐ-யில் இந்த அமைப்பின் பெயர் வருகிறதா என்று தேடினால், பணம் வந்த வழி சில சமயம் பிடிபடும். அங்கேயும் இல்லையென்றால், பணம் கொடுத்தவர் தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஊகத்தை எழுதினால் நீங்களும் பொய்ச்செய்தியின் பங்காளி.

விளம்பரம் பொய் என்று ஆதாரம் கிடைத்தால், யார் கொடுத்தது என்பதைப் பொறுத்துதான் அடுத்த அடி. வேட்பாளர் கொடுத்து, அவரே தோன்றும் விளம்பரத்தை நிலையம் தணிக்கை செய்யக் கூடாது. அதில் வரும் அவதூறுக்கு நிலையம் பொறுப்பல்ல என்று 1959இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வெளி அமைப்பின் விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, நிலையம் நிறுத்தலாம். இன்வாய்ஸில் உள்ள ஒளிபரப்பு நேரம், பொய்யான வரி, அதை மறுக்கும் மூல ஆவணம் மூன்றையும் இணைத்து நிலைய மேலாளருக்கு எழுதுங்கள்.