வீடியோ எடுக்க வருகிறவர்களுக்கு இலை போடுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள் நான். சம்பா அரிசிச் சோறு, மீன் குழம்பு, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடைப்பிரதமன் பாயசம். இவ்வளவுதான் கடை. கைப்பேசியோடு வந்து சாப்பாட்டைப் படம் பிடிக்கிறவர்கள் இப்போது எங்களைப் போன்ற சிறு கடைகளையும் விட்டுவைப்பதில்லை. வரட்டும், வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு பேர் வந்து எட்டுப் பேர் சாப்பாட்டைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கிள்ளித் தின்று, கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு எழுந்து போனால், இலை எடுக்கிறவளுக்குத்தான் வயிறு எரியும். அதைத் தடுப்பது பெரும்பாலும் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. சின்னக் கடை வைத்திருக்கிறவர்களுக்காக, நான் செய்வதைச் சொல்கிறேன்.

வேலை போனிலேயே தொடங்குகிறது. "எத்தனை பேர் வருகிறீர்கள்" என்பதோடு "எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்" என்றும் கேளுங்கள். கேமரா பிடிக்கிறவர் பெரும்பாலும் கடைசியில்தான் உட்காருவார், அதற்குள் எல்லாம் ஆறியிருக்கும். அடுத்து, எங்கிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு கடைகளை முடித்துவிடுவது அவர்கள் வழக்கம். காலையில் நாகர்கோவிலில் ரசவடை, பத்து மணிக்கு இன்னொரு ஊரில் பொரோட்டா, அப்புறம் நம் கடை. வரும்போதே வயிறு நிறைந்திருக்கும். பிறகு இலையில் மிஞ்சாமல் என்ன செய்யும்? ஆகவே, அவர்கள் வரிசையில் நம் கடையை முதலாவதாக வைக்கச் சொல்லுங்கள், கூட்டம் வருவதற்கு முன் வரச் சொல்லுங்கள். பசியோடு வருகிறவர் முகத்தில் தெரியும் ருசி, நடிப்பில் வராது.

"அக்கா, மேசை நிறைந்து தெரிய வேண்டும்" என்பார்கள். நிறைவைக் காட்ட அடுப்படிக்குக் கூட்டிப்போங்கள். உருளியில் கொதிக்கும் பிரதமன், மண்சட்டியில் எண்ணெய் பிரிந்து நிற்கும் மீன் குழம்பு, ஆவி பறக்கும் கிழங்கு, இவற்றைவிட நிறைவான காட்சி எது? கரண்டியை நீங்களே பிடியுங்கள். அவர்கள் கையோ வாய் வைத்த கரண்டியோ பாத்திரத்துக்குள் போகவில்லை என்றால் அவ்வளவும் விற்பனைக்குரியது. மீனைப் பொரித்து அடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மசாலா தடவிய மீனைத் தட்டில் வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு உடனே குளிர்பெட்டிக்குள் வையுங்கள், கேட்கிறவர்களுக்கு ஒன்றொன்றாகப் பொரிக்கலாம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகு மீனை நம்பித்தான் அப்போது சட்டி வைக்கிறோம். அந்த விலையில் ஒரு நெய்மீன் (வஞ்சிரம்) துண்டை அலங்காரத்துக்கு வைக்க எனக்கு மனம் வராது.

இலையைப் பொறுத்தவரை நம் ஊர்ச் சாப்பாடே நமக்குத் துணை. ஊறுகாய், இஞ்சிக் கறி, பச்சடி, தயிர்க் கிச்சடி, துவரன் என்கிற தேங்காய்ப் பொரியல், அவியல், எரிசேரி என்று வரிசை நீளும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு கரண்டி இருந்தாலே இலை நிறைந்துவிடும். சோற்றை மட்டும் மலைபோல் குவிக்காதீர்கள். ஒரு அகப்பை போதும். பிறகு பருப்பும் பப்படமும், சாம்பார், புளிசேரி, ரசம், பிரதமன், மோர் என்று முறையாக விளம்புங்கள், அதாவது பரிமாறுங்கள். எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. ஊற்றினால் எல்லாம் கலந்து ஓடி, படமும் கெடும், சாப்பாடும் கெடும் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள். படத்துக்காக மறுபடி விளம்பச் சொன்னால், முதலில் விளம்பியதைச் சாப்பிட்டு முடித்தபிறகுதான். இதில் நான் கண்டிப்பு. ஒருமுறை ஒரு தம்பி முறைத்தான், ஆனாலும் சாப்பிட்டான்.

இலவசமாகக் கொடுக்காதீர்கள். காசு கொடுக்கிறவர் அளந்து கேட்பார், இதைவிடப் பெரிய கட்டுப்பாடு கிடையாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இலவசமாகச் சாப்பிட்டதை வீடியோவிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் கேட்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும். பாத்திரத்தை விட்டு வெளியே வராதது விற்பனைக்கு. மேசைக்கு வந்து தொடாமல் கிண்ணத்தில் இருப்பது, அவர்களே கொண்டுபோக. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தாள் தடையில் இருப்பதால் தூக்குவாளி எடுத்துவரச் சொல்லிவிடுவேன், இல்லையென்றால் வாழையிலையில் கட்டிக் கொடுப்பேன். இலையில் கை வைத்தது குப்பைக்கு மட்டுமே. அதை வழியில் ஒருவருக்குக் கொடுத்து, அதையும் படம் பிடித்துப் புண்ணியம் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். எச்சிலைக் கொடுப்பது தானமாகாது. நல்ல நிலையில் மிஞ்சியதைக் கொடுப்பதானாலும் சூடு 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி வெளியே வைத்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். தேங்காய் அரைத்த அவியலும் எரிசேரியும் நம் ஊர்ப் புழுக்கத்தில் முதலில் ஊசிப்போகும், அவற்றைச் சேர்க்காதீர்கள்.

கேரளத்திலிருந்து கழிவு ஏற்றி வரும் வண்டிகளை நம் மாவட்டத்தில் பிடித்தார்கள் என்று செய்தி வந்தால் கொதிக்கிறோம். நம் கடைப் பின்வாசல் வாளியையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். வீட்டில்தான் அதிகம் வீணாகிறது என்பார்கள் சிலர். உண்மைதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளுடையது. ஆனால் 28 சதவீதம் உணவகம் போன்ற இடங்களுடையது, அதில் நமக்கும் பங்கு உண்டு.

பெரிய ஆபத்து வீடியோ வெளியான பிறகுதான். அடுத்த ஞாயிறு கூட்டம் வரும். வீடியோவில் பார்த்த எல்லாமே வேண்டும் என்று கேட்பார்கள். நாமும் ஆசையில் இரட்டிப்பாக வடிப்போம். அதற்கடுத்த வாரம் கூட்டம் வேறொரு கடைக்குப் போயிருக்கும், நம் அண்டா மட்டும் அப்படியே நிற்கும். உலை அளவைக் கூட்டாதீர்கள். பன்னிரண்டரைக்கு வாசலைப் பார்த்துவிட்டு இரண்டாவது உலை வையுங்கள். கிழங்கும் மீன் குழம்பும் அரை அளவிலும் கிடைக்கும் என்று பலகையில் எழுதிவையுங்கள், எல்லாவற்றையும் ருசி பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். "மீன் தீர்ந்தது" என்று இன்னொரு பலகை தயாராக இருக்கட்டும். அதை மாட்டும்போது யாராவது கோபித்தால், மறுநாள் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.